எலுமிச்சை பிழியாத முப்பத்தாறு பாட்டில்

1. வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபது

தை மாதம் இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமைத் திறந்தேன். அங்கே வைத்திருந்த முப்பத்தாறு திராட்சை சிரப் பாட்டில்களில் இருபத்தொன்பதின் அடியில் கல் விழுந்திருந்தது. மீதி ஏழும் தப்பித்தன என்று சொல்ல முடியாது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அவற்றிலும் ஆரம்பித்திருந்தது.

கல் என்றால் சர்க்கரைக் கல். கற்கண்டு. பாட்டிலைச் சாய்த்தால் உள்ளே கடகடவென்று உருண்டது. நான் முப்பத்தொரு வருஷம் சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருந்தவன். அந்தக் கண்ணால் பார்த்தால் முதல் தரமான சரக்கு. ஒரே அளவு, கூரான ஓரம், தூள் கிடையாது. ஆலையில் இப்படி விழுந்திருந்தால் ஷிப்டில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொல்லியிருப்பேன்.

ஆனால் இது ஆலை இல்லை. இந்த சிரப்பை மறுநாள் சாயங்காலம் குடவாசலில் ஒரு கல்யாண வரவேற்பில் தண்ணீரில் கலந்து சுமார் ஆயிரம் பேருக்கு வெல்கம் டிரிங்காகக் கொடுக்க வேண்டும். ஆர்டர் என் மகள் அமுதாவுடையது. அவள் பிளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுத்துக்கொண்டிருந்த தனியார் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளை மூடிவிட்டார்கள். எட்டு மாதமாக வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறார். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று அவள் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சிரப் எடுபட்டால் வரவில்லை. எடுபடாவிட்டால் வருகிறேன்.

எழுபத்தாறு மணி நேரமும் நாற்பது நிமிஷமும் இருந்தது.

எங்கள் தெருவில் இப்போது மூன்று வீடுகளில் சிரப் போடுகிறார்கள். அளவு கேட்டு வருகிறார்கள். அளவைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் இருப்பதையும் படித்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பது நல்லது.

2. முதல் நாள் கேட்டது

வேலையில் சேர்ந்த முதல் நாள் பான் ஃப்ளோருக்கு ஏறினேன். இருபத்தேழு படிகள். பான் என்றால் வெற்றிடத்தில் பாகு காய்ச்சும் பெரிய கொப்பரை, ஒரு வீட்டு அறை அளவு இருக்கும். அங்கே நின்றுகொண்டிருந்த சீஃப் கெமிஸ்ட் என் சர்டிபிகேட்டைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தார்.

"நாளையிலேருந்து ஷூ போட்டுக்கிட்டு வா தம்பி. இங்க ரெண்டு எதிரி இருக்கு. ஒண்ணு பிரேக்டவுன். அது சத்தம் போட்டுக்கிட்டு வரும், காதுல விழும். இன்னொண்ணு இன்வர்ஷன். அது சத்தமே இல்லாம உள்ள வந்து சர்க்கரையத் தின்னுட்டுப் போயிரும்."

இன்வர்ஷன் என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். கரும்புச் சாற்றில் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு உண்டு. புளிப்பும் சூடும் சேர்ந்தால் சர்க்கரை இரண்டாக உடையும். உடைந்த சர்க்கரையும் இனிக்கத்தான் செய்யும். ஆனால் கல் பிடிக்காது. மூட்டைக்கு வராமல் கழிவுப்பாகோடு போய்விடும். ஆகவே சாற்றில் சுண்ணாம்புப் பால் விட்டு, புளிப்பை எடுத்துவிட்டுத்தான் காய்ச்சுவார்கள்.

சேர்ந்த இரண்டாவது சீசனில் ஒரு நாள் பகல் ஷிப்டில் சுண்ணாம்புப் பால் வரும் பைப் அடைத்துக்கொண்டது. நான் கவனிக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. சீஃப் கெமிஸ்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டவில்லை. பதினான்கு பேர் முன்னால் கேட்டார்.

"ஏம்ப்பா, நாப்பது நிமிஷம் என்ன பண்ணிக்கிட்டிருந்த? நீயே உக்காந்து அள்ளித் தின்னிருந்தாக்கூட இவ்வளவு சர்க்கரை தின்னிருக்க முடியாதுப்பா."

மறுநாள் மெமோ வந்தது. அதற்குப் பிறகு என் சர்வீஸில் இன்னொரு மெமோ கிடையாது. ஆலைக்குள் புளிப்பு என்று எதையும் நான் கொண்டு போனதும் கிடையாது. என் மனைவி சரோஜா எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். டிபன் பாக்ஸிலிருந்து பானுக்கு எப்படிப் போகும் என்று அவள் கேட்பாள். போகாதுதான். ஆனாலும் கொண்டு போகவில்லை. இதை அவள் இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

3. மூன்று பாட்டில் சாம்பிள்

மார்கழியில் ஒரு நாள் நான் கண் பரிசோதனைக்காகத் தஞ்சாவூர் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்தபோது அமுதா மூன்று பாட்டில் திராட்சை சிரப் போட்டு வைத்திருந்தாள். கறுப்பு பன்னீர் திராட்சை. வெளிச்சத்தில் பிடித்தால் நல்ல சிவப்பு.

என்னிடம் கையடக்கமான பிரிக்ஸ் மீட்டர் ஒன்று உண்டு. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் நூற்றுக்கு எத்தனை பங்கு சர்க்கரை என்று காட்டும். ஓய்வு பெற்ற மாதம் என் சொந்தச் செலவில் வாங்கினேன். விட்டுப் பார்த்தேன். அறுபத்தாறு.

"அறுபத்தாறுதாம்மா இருக்கு. பத்தாது. புளிச்சுப்போயிரும்."

"ருசி எப்படிப்பா இருக்கு?"

"ருசிக்கு மீட்டர் கிடையாது."

நாலாம் நாள் அமுதா கூப்பிட்டு சமையல் மாஸ்டர் சிங்காரம் வந்தார். திருவாரூர், குடவாசல் பக்கம் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர். முகூர்த்த நாளில் அவருக்கு மூன்று மண்டபங்களில் அடுப்பு எரியும். அமுதா கலந்து கொடுத்த கிளாஸை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். குடித்தார். இன்னொரு கிளாஸ் கேட்டார்.

"டீச்சர், ரோஸ் எசன்ஸ ஊத்தி ஊத்தி எனக்கே வெறுத்துப்போச்சு. ஜனங்க ஒரு வாய் குடிச்சிட்டு நாற்காலிக்கு அடியில வெச்சிட்டுப் போயிடறாங்க. அப்புறம் யாராச்சும் வந்து உதைச்சு, பட்டுப்புடவையில கொட்டி, பெரிய பஞ்சாயத்து. இது பழத்துல போட்டதுதானே?"

"பழந்தான் மாஸ்டர். எசன்ஸ் ஒரு சொட்டு கிடையாது."

"கலரு?"

"அதுவும் பழந்தான்."

"சரி. தை மாசம் குடவாசல்ல ஒரு கல்யாணம். மூணு டஜன் குடுங்க. அது நல்லபடியா முடிஞ்சா பங்குனி வரைக்கும் எங்கிட்ட இன்னும் பதினோரு கல்யாணம் இருக்கு. அத்தனைக்கும் நீங்கதான். ஆனா இதே கலரு, இதே ருசி இருக்கணும். மாறிச்சுன்னு வெச்சுக்கங்க, சண்டையெல்லாம் போட மாட்டேன். இந்தத் தெருவழியா வர்றத விட்டுருவேன், அவ்வளவுதான்."

இரண்டு பாட்டில்களை அவர் எடுத்துப் போனார். மூன்றாவதை அமுதா சமையலறை அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். இந்த மூன்றாவது பாட்டிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

4. பெரிய அளவில்

மூன்று பாட்டில் என்பது சமையல். முப்பத்தாறு பாட்டில் என்பது உற்பத்தி. இதை அமுதாவிடம் சொல்லி, பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பதிமூன்று கிலோ திராட்சை, இருபது கிலோ சர்க்கரை, நான்கு ஈடு, ஒரு ஈட்டுக்கு ஒன்பது பாட்டில். எது எத்தனை மணிக்கு என்று சார்ட் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். கேஸ் சிலிண்டரை வெறும் கையால் தூக்கிப் பார்த்தேன். பிறகு பாத்ரூம் தராசில் நிற்க வைத்தும் பார்த்தேன்.

திராட்சையை மசித்து, லேசாகக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டினேன். சாறு ஒன்பது லிட்டருக்கு ஒரு டம்ளர் குறைவு. லிட்மஸ் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல புளிப்பு. இந்தப் புளிப்போடு இதை அடுப்பில் ஏற்றுவது என்பது எனக்கு எப்படி இருந்தது என்றால், பதினான்கு பேர் பின்னால் நிற்பது போல இருந்தது.

சரோஜா வெற்றிலை போடுகிறவள். அவளுடைய சுண்ணாம்பு டப்பாவை எடுத்தேன். ஒரு செம்புத் தண்ணீரில் பால் மாதிரிக் கரைத்து, கரண்டி கரண்டியாகச் சாற்றில் விட ஆரம்பித்தேன்.

"என்னப்பா பண்றீங்க?" என்று அமுதா ஓடி வந்தாள்.

"புளிப்ப எடுக்கிறேம்மா. இப்படியே காய்ச்சினா இன்வர்ஷன் ஆயிரும்."

"இது கரும்பு இல்லப்பா, திராட்சை. பாருங்க, கலர் மாறுது."

மாறியது உண்மைதான். பன்னிரண்டாவது கரண்டிக்கு சிவப்பு கத்தரிப்பூ நிறமானது. இருபதாவது கரண்டிக்கு ஸ்லேட்டைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

"வெளிச்சம் சரியில்ல," என்றேன்.

"வெளிச்சமா? பழக் கலர்ல புளிப்பு இருந்தா சிவப்பு, சுண்ணாம்பு விட்டா நீலம். வருஷா வருஷம் பசங்களுக்கு டெஸ்ட் டியூப்ல செஞ்சு காட்டியிருக்கேன். எலுமிச்சம்பழம் ரெண்டு மூடி பிழிஞ்சு விடுங்கப்பா, சரியாயிரும்."

எலுமிச்சம்பழம் என்றதும் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அடுப்பில் கொதிக்கும் பாகில் எலுமிச்சை. என் சர்வீஸில் இதைவிடப் பெரிய குற்றம் ஒன்றை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இதை அவளுக்கு விளக்கினேன். விளக்க இருபது நிமிஷம் ஆயிற்று. முதல் நாள், செருப்பு, மெமோ எல்லாம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த கதைதான்.

கூடத்திலிருந்து சரோஜா குரல் கொடுத்தாள். "விடுடி. நாலு மாசமா மொட்டை மாடித் தொட்டியில எத்தனை லிட்டர் தண்ணி இருக்குன்னு நோட்டுல எழுதிக்கிட்டிருந்தாரு. இன்னிக்காச்சும் உருப்படியா ஒரு வேலை பாக்கட்டும். ஏங்க, அந்தச் சுண்ணாம்பு டப்பா எங்க?"

"முப்பத்தொரு வருஷ சர்வீஸ். நான் என்ன பேசறது," என்று அமுதா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் ஒரு விட்டுக்கொடுத்தலாக, அதற்கு மேல் சுண்ணாம்பு நீர் விடவில்லை. எலுமிச்சையும் விடவில்லை.

புளித்துப்போகும் பயம் எனக்கு இருந்ததால், அறுபத்தாறில் நிறுத்தாமல் எழுபத்துநாலு வரை காய்ச்சினேன். கெட்டியாக இருந்தால் கெடாது என்பது என் கணக்கு.

மூன்றாவது ஈடு காயும்போது அமுதாவுக்குத் தாம்பரத்திலிருந்து போன் வந்தது. சமையலறை வாசலில் நின்றே பேசினாள். "ஆமா மேடம். ஹாஸ்டல்ல தனி ரூம்னா பரவாயில்ல. இல்ல மேடம், திங்கக்கிழமை கண்டிப்பா சொல்லிடறேன்." என் முதுகு அவள் பக்கம் இருந்தது. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? படிக்க வைத்ததே வேலைக்குப் போகத்தான். நான் பாகைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அவள் பேசி முடிக்கும்வரை நூற்றுப்பதினெட்டு சுற்று.

முப்பத்தாறு பாட்டில்களையும் ஸ்டோர் ரூமில் வரிசைக்கு ஆறாக அடுக்கினேன். அது சனிக்கிழமை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் பார்த்தேன், ஒன்றும் இல்லை. புதன்கிழமை பனி அதிகம். புதனும் வியாழனும் எனக்குத் தலைவலி, ஸ்டோர் ரூமுக்குப் போகவில்லை.

5. மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால்

மறுபடியும் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். முதலில் வந்தது சரோஜா. ஒரு பாட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, கற்கண்டா செஞ்சு வெச்சிருக்கீங்க? சீர்த்தட்டுல வெச்சுக் குடுத்துரலாம் போலிருக்கு."

அமுதா வந்தாள். ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். பதினொன்று வரை பார்த்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். கல் மட்டும் பிரச்சினை இல்லை, நிறமும்தான். ஆறு நாளில் அது தெளியவில்லை. இன்னும் மங்கியிருந்தது.

"வெந்நீர்ல பாட்டிலை வெச்சாக் கரைஞ்சிரும்மா," என்றேன்.

"கரையும். ராத்திரி பனிக்கு மறுபடியும் விழும். மண்டபத்துல ஜக்குல ஊத்தறப்ப விழும். கலருக்கு என்ன பண்றது?" குரல் உயரவில்லை. "பரவால்லப்பா. மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன். அவரும் எசன்ஸ் வாங்க நேரம் வேணும்ல."

போனை எடுக்க சமையலறைக்குப் போனாள். போனவள் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தபோது கையில் போன் இல்லை. பாட்டில் இருந்தது. மூன்றாவது சாம்பிள் பாட்டில்.

"இதை மறந்தே போயிட்டேன். பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். போட்டு இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. டார்ச் அடித்தேன். தலைகீழாகக் கவிழ்த்தேன். கல் இல்லை. மூடியைத் திறந்து மோந்தேன். புளிப்பு வாடை இல்லை, நுரை இல்லை. நிறம் முதல் நாள் இருந்த அதே சிவப்பு. மீட்டரில் விட்டேன். அறுபத்தாறு. மீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டேன். அறுபத்தாறுதான்.

"இதுல என்னம்மா போட்ட?"

"எலுமிச்சம்பழம். பாட்டிலுக்கு ரெண்டு. சேத்துக் கொதிக்க வெச்சேன். நீங்க கண் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குன்னு பாத்துத்தான் போட்டேன். இருந்தா விட்டிருப்பீங்களா?"

"இன்வர்ஷன் ஆயிருக்குமே."

"ஆயிருக்குப்பா. ஆனதுனாலதான் கல்லு விழல. உடைஞ்ச சர்க்கரை கல் பிடிக்காதுன்னு எனக்குச் சொன்னதே நீங்கதான். ஒம்பதாவது படிக்கறப்ப சொன்னீங்க. அப்புறம் பத்தாவதுல, பதினொண்ணாவதுல, கல்யாணப் பேச்சு நடந்தப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட."

நான் ஸ்டோர் ரூம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். உடைந்த சர்க்கரை கல் பிடிக்காது. இந்த வாக்கியத்தை என் சர்வீஸில் ஆயிரம் தடவைக்குக் குறையாமல் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நஷ்டம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். கல் பிடிக்காமல் இருப்பதையே ஒருவர் வேண்டும் என்று கேட்கக்கூடும் என்பது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. நான் செய்தது முழுக்க முழுக்கச் சரியான வேலை. புளிப்பை எடுத்தேன், கெட்டியாகக் காய்ச்சினேன், குளிர விட்டேன். ஆலையில் சர்க்கரை எடுப்பது இப்படித்தான். சர்க்கரையும் வந்துவிட்டது. கேட்டதுதான் சிரப்.

"மாஸ்டருக்குப் போன் பண்ணாத," என்றேன். "எத்தனை பழம் வேணும்?"

"எழுபத்திரண்டு."

6. இருபது நிமிஷம்

திருவாரூர் மார்க்கெட்டில் எண்பது பழம் வாங்கினேன். முகூர்த்த நாள் என்பதால் நல்ல பழம் கிடைக்க ஏழு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒரு கடைக்காரர், "என்ன சார், லாரிக்குக் கட்டவா? எத்தனை லாரி வெச்சிருக்கீங்க?" என்றார். ஒன்றுகூட இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்ததில் மூன்று பழம் அழுகல்.

பாட்டில்களை வெந்நீரில் வைத்துக் கல்லைக் கரைத்தோம். ஒன்பது பாட்டிலை ஒரு பாத்திரத்தில் கொட்டினோம். சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு பாகு, அதைச் சாப்பிடும் பொருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அமுதா பழத்தை நறுக்கி என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே பிழிங்கப்பா."

"நீ பிழியேன்."

"நான் பிழிஞ்சா அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஏன் பிழிஞ்ச, ஏன் பிழிஞ்சன்னு கேப்பீங்க."

பிழிந்தேன். முதல் நான்கு பழத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. சுண்ணாம்பு தின்றுகொண்டிருந்தது. எட்டாவது பழத்துக்கு, சாறு விழுந்த இடத்தில் மட்டும் ரூபாய் அளவுக்குச் சிவந்தது. கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினாள். மறைந்துவிட்டது. பன்னிரண்டாவது பழத்துக்கு மறையவில்லை. பதினெட்டு முடிந்தபோது பாத்திரம் முழுவதும் சிவப்பு. ஸ்லேட் கழுவின தண்ணீர் போன இடம் தெரியவில்லை. சரோஜா எட்டிப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் சரியாயிருச்சு போலிருக்கு," என்றாள்.

பிறகு கொதிக்க வைக்க வேண்டும். இருபது நிமிஷம். புளிப்பும் சூடும் சேர்ந்து இருபது நிமிஷம். இரண்டு தடவை என் கை கேஸ் குமிழுக்குப் போயிற்று. இரண்டு தடவையும் அமுதா, "இன்னும் ஆகலப்பா," என்றாள். நான்கு ஈட்டுக்கும் சேர்த்து எண்பது நிமிஷம். மெமோ வாங்கியது நாற்பது நிமிஷத்துக்கு.

கொஞ்சம் தண்ணீர் விட்டு அறுபத்தெட்டில் இறக்கினோம். என் பயத்துக்காக அவள் இரண்டு விட்டுக்கொடுத்தாள். எட்டுமுழ வேட்டியில் ஒரு முழம் கிழித்து வடிகட்டியதில் சுண்ணாம்பு வண்டல் ஒரு ஸ்பூன் வந்தது. பாட்டில் இப்போது நாற்பது ஆனது. மிச்சம் நான்குக்குப் பாட்டில் இல்லாமல் தேன் பாட்டிலும் சாஸ் பாட்டிலும் கழுவினோம். ஒரு பாட்டிலை மட்டும் ஃபிரிட்ஜில் படுக்க வைத்தேன். கல் விழுவதானால் அங்கே முதலில் விழட்டும் என்று.

சனிக்கிழமை காலை ஃபிரிட்ஜைத் திறந்தது அமுதா. என்னை விடவில்லை. என் முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பயமாக இருக்கிறதாம். பாட்டிலைச் சாய்த்தாள். சத்தம் இல்லை.

7. குடவாசல் போகும் வழி

மாஸ்டரின் வேன் வேறு மண்டபத்தில் மாட்டிக்கொண்டது. எங்கள் தெரு முருகேசன் ஆட்டோவில் நான், அமுதா, முப்பத்தாறு பாட்டில்கள். எங்கள் ஊரிலிருந்து மண்டபம் பதினான்கு கிலோமீட்டர். சம்பா அறுப்பு நேரம். ரோட்டில் பாதியை நெல் அடைத்திருந்தது. மீதிப் பாதியில் எதிரே அறுவடை மிஷின் வந்தது. முருகேசன் ஒதுங்க இடமில்லாமல் ஒரு சக்கரத்தை நெல்லில் இறக்கினான்.

"ஏய், கண்ணு தெரியலயா? நெல்லு மேல ஏத்துறியே!" என்று காய வைத்துக்கொண்டிருந்த அம்மாள் கட்டையோடு ஓடி வந்தாள்.

"கல்யாணத்துக்குப் போவுதுக்கா, சர்பத்து!"

"கல்யாணத்துக்குச் சோறு வேணாமா? அது இதுதாண்டா!"

முருகேசன் இறங்கி, சக்கரம் பட்ட நெல்லைக் கையால் ஒதுக்கிக் கொடுத்தான். நானும் இறங்கி ஒதுக்கினேன். அமுதா பாட்டில்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். பதினான்கு கிலோமீட்டருக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம். ஒரு பாட்டிலும் உடையவில்லை.

மண்டபத்தின் பின்கட்டில் சிங்காரம் மாஸ்டர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பாட்டிலைத் திறந்து ஜக்கில் கலக்கச் சொன்னார். கிளாஸை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். அமுதா அவர் முகத்தைப் பார்த்தாள். நான் கிளாஸின் அடியைப் பார்த்தேன்.

"கலரு அதேதான்." குடித்தார். "ருசி... போன தடவைக்கு இது ஒரு பிடி தூக்கலா இருக்கே. என்ன பண்ணீங்க?"

நடந்ததைச் சொல்வது முறை என்று நினைத்தேன். "மாஸ்டர், நான் ஆலையில சேர்ந்த முதல் நாள் எங்க சீஃப் கெமிஸ்ட்..."

"எலுமிச்சம்பழம் மாஸ்டர்," என்றாள் அமுதா. "போன தடவைய விடக் கொஞ்சம் கெட்டியா இறக்கினோம். மொத தடவை தப்பாப் போச்சு, திரும்பக் காய்ச்சினோம்."

"அதச் சொல்லுங்க. சார், நீங்க பந்திக்குப் போங்க, அப்புறம் பேசுவோம்."

நான் பந்திக்குப் போகவில்லை. வரவேற்பு மேஜை தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, குடிக்காமல் வைத்துவிட்டுப் போன கிளாஸ்களை எண்ணினேன். ஒன்பது மணி வரை பதினேழு. அதில் பதினொன்று குழந்தைகள் ஐஸ்கிரீமைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனவை. ஒருவர் சர்க்கரை வியாதிக்காரர், விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மீதி ஐந்து பேரைப் பற்றித் தகவல் இல்லை. நாற்காலிக்கு அடியில் ஒன்றுகூட இல்லை. குனிந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாஸ்டர் அமுதாவுக்குப் போன் செய்தார். மாசியில் திருவாரூரில் ஒரு கல்யாணம், ஐந்து டஜன் என்றார். "சார் வர வேண்டியதில்ல. கிளாசு கழுவுற பொம்பளைங்ககிட்ட ஒவ்வொரு கிளாசா வாங்கிப் பாத்தாராமே," என்றும் சொன்னாராம்.

8. அளவு

திராட்சைச் சாறு ஒரு லிட்டர். சர்க்கரை இரண்டே கால் கிலோ. நாலரை பாட்டில் வரும். எலுமிச்சம்பழம் பாட்டிலுக்கு இரண்டு, சிறியதாக இருந்தால் இரண்டரை. எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்தே இருபது நிமிஷம் கொதிக்க வேண்டும். இறக்கிய பிறகு பிழிந்தால் ருசி வரும், வேலை நடக்காது. மீட்டர் இருந்தால் அறுபத்தாறிலிருந்து அறுபத்தெட்டு. மீட்டர் இல்லாதவர்கள் அமுதாவிடம் கேட்டுக்கொள்ளலாம். அவள் கரண்டியிலிருந்து விழுவதைப் பார்த்தே சொல்கிறாள், நான் சோதித்தவரை ஒன்றுக்கு மேல் தப்பியதில்லை. சுண்ணாம்பு வேண்டாம்.

வேலையில் கற்றுக்கொண்டது பொய் ஆகாது. ஆனால் அதை வேறு இடத்துக்கு எடுத்துப் போகும்போது, அந்த இடத்தில் எதைச் சரக்கு என்கிறார்கள், எதை நஷ்டம் என்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்காமல் இருபது நிமிஷம் விளக்கினேன். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பத்தொரு வருஷமும் முப்பத்தாறு பாட்டிலும் ஆயிற்று.

திங்கட்கிழமை பத்து நாற்பதுக்கு அமுதா தாம்பரத்துக்குப் போன் செய்தாள். நான் கூடத்தில் பேப்பர் வைத்திருந்தேன்.

"மேடம், நான் வரல மேடம். இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. இங்கேயே வேலை இருக்கு. ஆமா, இங்கதான். ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

நாற்பத்தொரு விநாடி.

போனை வைத்துவிட்டு, "அப்பா, பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க," என்றாள். இல்லை, நேராகத்தான் பிடித்திருந்தேன். திருப்பிப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் சரோஜா மிச்சமிருந்த ஐந்து பழத்தில் எலுமிச்சை சாதம் செய்திருந்தாள். வேண்டுமென்றே செய்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.